காரணம்: கம்பியூட்டர் வகுப்பு

என் முன்னால் ஒரு போட்டோக் கொப்பி இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்காரர், தன் வீட்டில் தங்க வந்தவரைப் பற்றிப் பொலிஸில் கொடுத்த பதிவுப் படிவம். திகதி, செப்டெம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. பெயர், வயது, நிரந்தர முகவரி, வீட்டுக்காரருக்கு என்ன உறவு... எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறது. 'கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்' என்ற நிரலில், நீல மையில், அழகான எழுத்தில் — 'கம்பியூட்டர் வகுப்பு'.

பொய்.

இந்த நிரலை உங்களில் எத்தனை பேர் நிரப்பியிருப்பீர்கள்! வெள்ளவத்தையில் நான் இருக்கும் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், ஒரு லொட்ஜ் உண்டு. அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர். எல்லாருடைய படிவத்திலும் ஒரே காரணம்தான் — 'வைத்திய சிகிச்சை'. "அதை எழுதினாத்தான் ஐயா மேல ஒண்டும் கேக்க மாட்டாங்கள்" என்பார் மனேஜர். லொட்ஜ் முழுக்க நோயாளிகள். அத்தனை பேருடைய வருத்தத்துக்கும் மருந்து கனடாவில் இருக்கிறது!

உண்மையாகவே வருத்தத்தோடு கொழும்பில் நின்றவள் ஒருத்தி. அவளுடைய படிவம்தான் என் முன்னால் இருப்பது.

வதனி என்று வைத்துக்கொள்வோம். வயது இருபது. பெயர்களை மாற்றிவிட்டேன், கிழமைகளை மாற்றவில்லை. அது என்னால் முடியாத காரியம் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல் வந்த நாள், போன நாள் எழுதியவன் நான்.

வதனி பதினொரு மாதம் தடுப்பில் இருந்தாள். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பலரில் ஒருத்தி. கடைசியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் விட்டது. அது ஓகஸ்ட் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. கையில் ஒரு விடுதலைக் கடிதம், உடுப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான். இனி இந்தப் பிள்ளைக்கு நித்திரை வருமா, வராவிட்டால் எங்கே போவது என்று யாரும் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே வைத்திருப்பதற்கு எத்தனை கடுதாசி! வெளியே விடும்போது ஒன்றே ஒன்று.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய சின்னம்மா ரெஜினா இருந்தார். ரெஜினாவின் கணவர் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர், இப்போது டோஹாவில். அந்தப் பழக்கத்தில்தான் எனக்குப் போன் வந்தது.

"அண்ணை, உங்களுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்தானே? ஒருக்கா வீட்டை வாங்கோ. போனில கதைக்கேலாது."

போனேன். வதனி கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். வீட்டுக்குள்ளேயே காலில் செருப்பு. கூப்பிட்டால் உடனே எழுந்து போவதற்கு ஆயத்தமாக இருப்பவள் போல.

ரெஜினா குரலைத் தணித்துச் சொன்னார்: "இரவில நித்திரை இல்லை. அதைக்கூட விடுங்கோ. பாத்ரூம் கதவுக்கு முன்னால போய் நிக்கிறாள் அண்ணை. பூட்டிக் கிடக்கேல்லை, சும்மா சாத்தித்தான் கிடக்கு. தள்ளினாத் திறக்கும். தள்ள மாட்டாள். ஆராவது வந்து 'போ' எண்டு சொல்லுமட்டும் நிப்பாள். ஒருநாள் நான் சந்தைக்குப் போட்டு வாறன்... அப்பிடியே நிக்கிறாள்."

பதினொரு மாதம் வேறு யாரோ கதவு திறந்தார்கள். கை மறந்துவிட்டது.

பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர்தான் வழி சொன்னவர். பொரளைப் பக்கம் ஒரு மனநலக் கிளினிக் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கத் தேவையில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை வந்து, டொக்டரோடு கதைத்து, மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். காசு கட்டத் தேவையில்லை.

"விசர் கிளினிக்கோ?" என்றார் ரெஜினா. "ஏற்கெனவே உள்ளுக்கு இருந்தவள் எண்டு ஒரு பேர். அதுக்கு மேல இதுவும் வேணுமோ? நாளைக்கு ஆர் அண்ணை இவளைக் கட்டுவான்?"

"கட்டுறவன் வாறதுக்கு முதல் இவள் கதவைத் திறக்க வேணுமே."

ரெஜினா என்னை முறைத்தார். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பொலிஸுக்குச் சொன்ன அதே காரணம்தான் ஒழுங்கைக்கும். வதனி கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறாள். அதற்காகவே ஒரு தடித்த கம்பியூட்டர் புத்தகம் வாங்கப்பட்டது. கிளினிக் கொப்பி அதற்குள் ஒளிந்திருக்கும். "எந்த அளவில படிக்கிறாய் பிள்ளை?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதிலும் ஆயத்தம் — எம்.எஸ். வேர்ட்.

ஒக்டோபர் இரண்டாம் வியாழன். முதல் தடவை, மூன்று பேருமாகப் போனோம். காலை ஐந்தரை மணி பஸ். வழியில் இரண்டு சாவடிகள். இரண்டிலும் விடுதலைக் கடிதத்தின் கொப்பியைக் காட்டினாள்.

கிளினிக்கில் இலக்கம் கொடுக்கும் எழுதுவினைஞர் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார். பதிவுப் படிவத்தைக் கொடுத்தோம். வாசித்துவிட்டுச் சிரித்தார். "கம்பியூட்டர் படிக்கிற நங்கிக்கு இங்கே என்ன வேலை, மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நானும் சிரித்தேன். "வைரஸ்" என்றேன். இலக்கம் கிடைத்துவிட்டது.

டொக்டர் இளம்பெண். சிங்களவர். தமிழில் 'வாங்க', 'இருங்க' என்ற இரண்டு சொற்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர்கள் நோயாளிகளும் கூட வந்தவர்களும் மட்டும்தான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் — நான்.

முதல் கேள்வி. எவ்வளவு காலமாகச் சரியான நித்திரை இல்லை?

கேட்டேன். வதனி பேசவில்லை. டொக்டர் காத்திருந்தார். டொக்டரால் முடிந்தது. என்னால் முடியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம் இருக்கிறதே!

"எந்தத் திகதியில இருந்து பிள்ளை? ஒரு உத்தேசமாச் சொன்னாலும் போதும்."

இது டொக்டர் கேட்காத கேள்வி. என்னுடையது.

வதனியின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்தாள். கண் என் தலைக்கு மேலே சுவரில் போய் நின்றது. தன் முழுப் பெயரைச் சொன்னாள். தகப்பனின் பெயர். பிறந்த திகதி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், விலகிய வருடம். அண்ணன் வீட்டை விட்டுப் போன நாள். அவன் எங்கே என்று தனக்குத் தெரியாது. கொழும்புக்கு வந்த திகதி, பஸ் ஏறிய நேரம், பக்கத்தில் இருந்தவரைத் தனக்குத் தெரியாது... ஒரு தடங்கல் இல்லை. ஒரு மூச்சு கூடவோ குறையவோ இல்லை. எத்தனை தடவை, எத்தனை பேருக்கு முன்னால் சொல்லியிருப்பாள்!

டொக்டருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீர்களா, நன்றாகக் கதைக்கிறாளே! என்ன சொல்கிறாள்?"

நான் என்ன சொல்வது? முழுவதையும் மொழிபெயர்த்தால், அது மறுபடியும் ஓர் அரசாங்கக் கடுதாசியில் ஏறும். சொல்லாவிட்டால், நோய் என்னவென்று டொக்டருக்குத் தெரியாமலே போகும்.

"நித்திரை வருவதில்லையாம்" என்றேன்.

அவ்வளவு நேரம் பேசியதற்கு இரண்டே சொல்லா என்று டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வாங்குகளில் காத்திருப்போர் நிறைந்திருந்தார்கள். இரண்டு கிழமைக்குக் குளிசை எழுதினார்.

பஸ் தரிப்பிடத்தில் வைத்து வதனி முதல் தடவையாகத் தானாக என்னோடு கதைத்தாள்.

"அங்கிள், நான் சொன்னது சரியோ? முந்திச் சொன்னதுக்கு மாறா ஒண்டும் வரேல்லைத்தானே?"

"சரி பிள்ளை. எல்லாம் சரி."

என் வாழ்க்கையில் நான் கொடுத்த மோசமான பதில்களில் இதற்குத்தான் முதலிடம்.

திரும்பி வந்தவர்களிடம் நாங்கள் இரண்டு விதமாகத்தான் நடந்துகொள்கிறோம். ஒரு பக்கம், எல்லாவற்றையும் திகதியோடு கேட்கிறவர்கள். மறுபக்கம், பயத்தாலோ பாசத்தாலோ எதையுமே கேட்காதவர்கள். ரெஜினா வீட்டில் 'சாப்பிட்டியா?' என்றுகூடக் கேட்பதில்லை, தட்டை முன்னால் வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில், ஒரு மனுசர் இன்னொரு மனுசரைக் கேட்கிற கேள்வி என்று ஒன்று இருக்கிறதே... அதை அவளிடம் கேட்க ஒருவரும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் தனியே இருப்பவன். ஞாயிறு பின்னேரம் மெல்பேர்னிலிருந்து மகன் போன் எடுப்பான். "அப்பா, பிரஷர் எவ்வளவு?" இலக்கத்தைச் சொல்வேன். "ஓகே, குட்." வைத்துவிடுவான். அடுத்த கேள்விக்கு ஏழு நாள் இருக்கிறது. வேறு யாராவது, வேறு எதையாவது கேட்டால் நானும் வதனி மாதிரித்தான் சுவரைப் பார்ப்பேனோ என்னவோ.

அந்த வாரம் டொக்டருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். 'அன்று அவள் சொன்னது உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல. விசாரணையில் கொடுத்த வாக்குமூலம். திகதி கேட்டது நான். பிழை என்னுடையது.'

ஒக்டோபர் நாலாம் வியாழன். டொக்டர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பேனையை மூடினார். கோவையையும் மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"இன்றைக்கு நான் ஒன்றும் எழுதப்போவதில்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்."

கேட்டேன். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

நேரம் போனது. மின்விசிறி ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்து, மறுபடியும் போனது. யாருக்கும் எழுதிக் கொடுக்காத ஒரு பதிலை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

"பாண்" என்றாள். பிறகு, "சம்பலும்." பிறகு, யாரும் எதிர்பாராத நேரத்தில், "சின்னம்மா சம்பலுக்குத் தேசிக்காய் விடுறேல்லை."

"அடியே!" என்றார் ரெஜினா. "ரெண்டு மாசமா வீட்டில ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இங்க வந்து டொக்டரிட்ட முறைப்பாடோ?"

நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடவில்லை. டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வதனி சிரிக்கவில்லை. ஆனால் பார்வை சுவரில் இல்லை. டொக்டரின் முகத்தில் இருந்தது.

அடுத்த நாள் ரெஜினா போனில் சொன்னார்: "தேசிக்காய் விட்டன் அண்ணை. ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவள்."

நவம்பரில் முதல் வியாழன். மூன்றாவது தடவை.

வாங்கில் காத்திருந்தோம். ஏழரை மணியிருக்கும். வாசலில் ஒரு பெண், வெள்ளைச் சேலை, கையில் குடை. கூடவே முப்பது வயது மதிக்கத்தக்க மகன், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி. என் பக்கத்தில் ரெஜினா விறைத்துப்போனார்.

"மாதாவே... பிலோமினா ரீச்சர்!"

ரெஜினாவின் ஒழுங்கையில் மூன்றாம் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரும் ஒரே வாங்கில் இருப்பவர்கள். ரீச்சரும் கண்டுவிட்டார். ஒரு விநாடிதான். உடனே திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த நுளம்பு ஒழிப்பு அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். அது சிங்களத்தில் இருந்தது. ரீச்சருக்குச் சிங்களம் தெரியாது. ரெஜினா தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் முதுகுக்கு முதுகாக இருந்தார்கள்.

"முடிஞ்சுது அண்ணை" என்றார் ரெஜினா என் காதுக்குள். "நாளைக்கு ஒழுங்கை முழுக்கக் கதை வந்திடும்."

"எப்பிடி வரும்? தான் எங்க வைச்சுக் கண்டனான் எண்டும் அவ சொல்ல வேணுமே? அவவின்ர மகனும் இங்கதானே வந்திருக்கிறான்."

"அவ ஏன் வந்தவ எண்டு எனக்கு எதுக்கு? உங்களுக்கு ஒழுங்கையைப் பற்றித் தெரியாது. நீங்கள் கப்பலைத்தான் பாத்தனீங்கள்."

"ஒருக்காப் போய் அவவோட கதையுங்கோவன்."

"கதைச்சா நான் வந்தனான் எண்டு ஆகிடுமே!"

பத்தடி தூரத்தில், ஒரே பாரத்தைச் சுமந்துகொண்டு, இரண்டு பெண்கள். ஒருவர் மற்றவரைக் காணவில்லை என்று நிரூபிப்பதற்காக இரண்டு பேரும் படுகிற பாடு...

வதனியின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நானும் ரெஜினாவும் எழும்ப முந்தி அவள் எழுந்து நடந்தாள். டொக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் நின்றாள். 'போ' என்று சொல்ல ரெஜினா வாயைத் திறந்தார். நான் அவருடைய கையைத் தொட்டேன்.

வதனி கதவைத் தள்ளினாள்.

அகலத் திறக்கவில்லை, ஒரு ஆள் புகும் அளவுக்குத்தான். உள்ளே போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அவள் கதிரையில் இருக்க முன்னமே ஒரு கேள்வி கேட்டாள். அவளாகக் கேட்ட கேள்வி.

"டொக்டருக்குப் பிள்ளைகள் இருக்கோ?"

மொழிபெயர்த்தேன். "இல்லை" என்றார் டொக்டர். "ஒரு நாய் இருக்கிறது. அதுவும் சொல்வழி கேட்காது." இதையும் மொழிபெயர்த்தேன். வதனியின் வாயோரம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று பதிவுசெய்ய என்னிடம் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் அசைந்தது.

அப்போதுதான் ரெஜினா சொன்னார்: "அண்ணை, டொக்டரிட்டச் சொல்லுங்கோ, இனி வரமாட்டம். இவளைத் தாயிட்ட அனுப்பப்போறன். வவுனியாவுக்கு. திங்கக்கிழமை."

அந்த வாங்கில் இருந்தபடியே எடுத்த முடிவு. முதுகுக்கு முதுகாக இருந்த பத்து நிமிடத்தில்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இப்போது நிறுத்தினால் முதலில் இருந்ததைவிட மோசமாகலாம். கொழும்பில் அவளை வைத்திருக்க வேறு ஒருவருமே இல்லையா?"

'அவளை வைத்திருக்க' என்று சொல்லும்போது அவருடைய கண் என்னில் இருந்தது. நான் என்ன செய்தேன்? அனெக்ஸை நினைத்தேன். தனி ஆண். உறவு என்ற நிரலில் என்ன எழுதுவது? வீட்டுக்காரர் என்ன சொல்வார்? பொலிஸ் என்ன கேட்கும்? ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ரெஜினா ஒழுங்கைக்குப் பயந்தார். நான்? நானும் ஓர் ஒழுங்கையில்தானே இருக்கிறேன்.

டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி உறையில் இட்டார். 'இவரைத் தொடர்ந்து பார்க்கவும்.' இருபத்தெட்டு நாளைக்கு, நாளுக்கு ஒன்றாக, குளிசை கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. "திடீரென்று நிற்பாட்டக் கூடாது. முடிவதற்கு முன் அங்கே ஒரு டொக்டரைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் மொழிபெயர்த்தேன்.

திங்கட்கிழமை வதனி போய்விட்டாள்.

இன்று அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. விடிய நான் மட்டும் கிளினிக்குக்குப் போனேன். வவுனியாவில் யாரிடம் போவது என்று டொக்டரிடம் கேட்க. வாங்கில் இருந்தபோது பிலோமினா ரீச்சரின் மகனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை. ஒருவரும் எழும்பவில்லை.

ரெஜினாவிடம் போனில் கேட்டேன். ரீச்சர் ஒழுங்கையில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு ஞாயிறும் பூசையில் அதே வாங்கில் பக்கத்தில் இருந்து, சமாதானம் சொல்லிக் கைகொடுத்தாராம். "நல்ல மனுசி" என்றார் ரெஜினா.

வவுனியாவில் யாரிடம் போவது என்று டொக்டருக்கும் தெரியவில்லை. வவுனியாப் பக்கம் இப்படி ஒரு கிளினிக் நடக்கிறது, அங்கே தமிழில் கதைக்கும் டொக்டர் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார் என்று எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேரும் கேள்விப்பட்டவர்கள், போய்ப் பார்த்தவர்கள் அல்லர். என்ன கிழமை, எந்த இடம் என்று இருவருக்கும் தெரியாது. ஆகவே இதை உறுதிப்படுத்தாத தகவலாகவே இங்கே எழுதுகிறேன். நேரில் போனவர்கள் இருந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், தந்தியென்றாலும் சரி.

இன்றோடு பதினான்கு குளிசை முடிந்திருக்கும். இந்தப் பத்தி உங்கள் கைக்கு வரும் ஞாயிறு காலை, மிச்சம் பன்னிரண்டு.